433 ஈரோஸ்: டர்பன்ல உக்காந்துகிட்டு ஒரு பெரிய சிறுகோள நாமளே செக் பண்றது எப்படி

வாட்ஸப்புல "பூமிய நோக்கி வரும் ராட்சத விண்கல்"ன்னு அப்பப்ப ஒரு வீடியோ வந்துடுது, நம்ம டர்பன் தமிழ் குரூப்புல கூட காவடி நோட்டீஸுக்கும் ஆடி மாசக் கஞ்சி போட்டோவுக்கும் நடுவுல அதுவும் வந்து விழுது. அதப் பாத்து பயப்படறவங்க இருக்காங்க, சிரிச்சிட்டு டெலீட் பண்றவங்க இருக்காங்க, ஆனா அந்தக் கல்லோட நம்பர எடுத்து தானே சரிபாக்கறவங்க ரொம்பக் கம்மி. இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லங்க. ஒரே ஒரு சிறுகோள (சூரியன சுத்தி ஓடற பெரிய கல்லு) ஒழுங்கா கத்துக்கிட்டீங்கன்னா மத்ததுக்கும் அதே வழிதான், அதுக்கு நான் சொல்றது 433 ஈரோஸ்.

ஏன் இதுன்னா, பூமிக்குப் பக்கத்துல வர்ற வகையில முதல்முதலா கண்டுபிடிச்சது இதுதான். 1898 ஆகஸ்ட் 13 ராத்திரி பெர்லின்ல கார்ல் குஸ்தாவ் விட் எடுத்த படத்துல மாட்டுச்சு, அதே ராத்திரி பிரான்ஸ் பக்கம் நீஸ்ல அகஸ்த் ஷார்லுவாவும் தனியா படம் எடுத்து வச்சிருந்தார். சைஸ்லயும் இந்த வகையில ரெண்டாவது இடம், முதல் இடம் 1036 கானிமெட் (ஜூபிடரோட பெரிய நிலா கானிமீட் வேற ஆளு, தேடும்போது குழப்பிக்காதீங்க). அதுக்கு மேல, ஒரு விண்கலம் ஒரு வருஷம் கிட்டயே சுத்தி வந்து அளந்து வச்சதால இதோட நம்பர் எல்லாமே கெட்டியான நம்பர். நம்ம சவுத் ஆப்பிரிக்காவுக்கும் இதுக்கும் பழைய பந்தம் ஒண்ணு இருக்கு, அத கடைசியில சொல்றேன், அது தெரிஞ்சா ராத்திரி வெளிய வந்து பாக்கறதுக்கு ஒரு சூடு வரும்.

முதல் வேலை: நாலு நம்பர் எழுதிக்கோங்க

நாசாவோட ஜேபிஎல் லேப் சின்ன வான்பொருள்களுக்குன்னு ஒரு டேட்டாபேஸ் வச்சிருக்கு, இலவசம், லாகின் கூட வேணாம். அதுல 433ன்னு போட்டா ஒரு பெரிய டேபிள் கொட்டும். பாத்து மிரளாதீங்க, ஆரம்பத்துக்கு நாலே நாலு வரி போதும்.

ஒண்ணு அரைநெட்டச்சு, அதாவது அது ஓடற நீள்வட்டப் பாதையோட நீளத்துல பாதி, 1.458 ஏயூ. ஒரு ஏயூன்னா சூரியனுக்கும் நமக்கும் இருக்கற சராசரி தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர். ரெண்டு, வட்டத்துலேர்ந்து எவ்வளவு விலகியிருக்குங்கற எண், அது 0.223. மூணு சாய்வு, 10.8 டிகிரி, அதாவது நாம ஓடற தளத்துலேர்ந்து அவ்வளவு சரிஞ்சு ஓடுது. நாலாவது மோய்டுன்னு (MOID) ஒரு வரி இருக்கும், என்னன்னு கீழ சொல்றேன், அது கிட்டத்தட்ட 0.15 ஏயூ. வீடியோக்காரங்க யாரும் இந்த நாலாவத சொல்லவே மாட்டாங்க, ஆனா பயப்படலாமா வேணாமான்னு முடிவு பண்றதே அதுதான்.

இப்ப போன் கால்குலேட்டர எடுங்க. 1.458ஐ 1 மைனஸ் 0.223ஆல பெருக்குங்க, 1.133 வரும், சூரியனுக்கு அது ரொம்பக் கிட்ட வர்ற தூரம் அதுதான். 1 ப்ளஸ் 0.223ஆல பெருக்கினா 1.783, ரொம்ப தூரமா போற இடம். அடுத்து 1.458 × 1.458 × 1.458ன்னு போட்டு வர்றதுக்கு வர்க்கமூலம் எடுத்தீங்கன்னா 1.76 வரும், அது வருஷக் கணக்கு, நாளா மாத்தினா 643 நாள். கெப்ளர் 400 வருஷத்துக்கு முன்னாடி சொன்ன விதி, இன்னிக்கும் சாட்ஸ்வர்த்துல ஒரு கிச்சன் டேபிள்ல உக்காந்து போட்டாலும் அதே விடைதான். பிள்ளைங்களுக்கு இதச் செஞ்சு காட்டுங்க, கிளாஸ்ல அல்ஜீப்ரா எதுக்குன்னு கேக்கறது கொஞ்சம் குறையும்.

அடுத்து: நம்ம மேல விழுமா?

பூமி சூரியன விட்டு ரொம்ப தூரம் போனா 1.017 ஏயூ, ஈரோஸ் ரொம்பக் கிட்ட வந்தா 1.133. அப்ப அது நம்ம பாதைக்கு வெளிப்பக்கமே நிக்குது, உள்ள வர்றதே இல்ல. இந்த மாதிரி வெளிய நின்னு எட்டிப் பாத்துட்டு போறதுங்களுக்கு அமோர் வகைன்னு பேரு. செவ்வாயோட பாதையத்தான் இது தாண்டித் தாண்டிப் போகுது.

மோய்டுங்கறது ரெண்டு பாதைக்கும் நடுவுல இருக்கற மிகக் குறைஞ்ச இடைவெளி. ஒரு கல்ல "ஆபத்தாகலாம்"ங்கற லிஸ்ட்ல சேக்கணும்னா அந்த இடைவெளி 0.05 ஏயூ, அதாவது சுமார் 75 லட்சம் கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், சைஸும் ஏறக்குறைய 140 மீட்டருக்கு மேல இருக்கணும். ஈரோஸுக்கு சைஸ் தாராளமா இருக்கு, இடைவெளி 2 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர் பக்கம், அதனால அந்த லிஸ்ட்லயே கிடையாது. இனிமே எந்த வீடியோ வந்தாலும் பேரப் போட்டு மோய்டு பாருங்க, அரை நிமிஷ வேலை.

ரொம்ப நீண்ட காலக் கணக்குல மட்டும் உத்தரவாதம் இல்ல. கோள்களோட இழுப்பால இந்தப் பாதை மெல்ல மாறிக்கிட்டே இருக்கு, கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தவங்க 20 லட்சம் வருஷத்துலயே கூட அது பூமிப் பாதைய வெட்டற மாதிரி மாறலாம்னு சொல்லியிருக்காங்க. நம்ம வீட்டு லோன் அதுக்கு முன்னாடி முடிஞ்சிடும்.

அவ்வளவு பெரிசு விழுந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா கார எடுங்க. ஜொகனஸ்பர்க்லேர்ந்து தென்மேற்கா சுமார் 120 கிலோமீட்டர் போனா ஃப்ரெடஃபோர்ட், பாரிஸ்ங்கற சின்ன ஊரு பக்கம். 202 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க ஒண்ணு விழுந்துச்சு, 2022ல வந்த ஒரு ஆய்வு அந்தக் கல்லு 20லேர்ந்து 25 கிலோமீட்டர் அகலம் இருந்திருக்கும்னு கணக்குப் போட்டிருக்கு. ஈரோஸ உருண்டையா புடிச்சா சுமார் 17 கிலோமீட்டர் வரும், அப்ப கிட்டத்தட்ட அதே ஜாதிதான். யுனெஸ்கோ 2005ல அந்த இடத்த உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. போனா ஒரு பெரிய குழி இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, அத்தன கோடி வருஷ மழையும் காத்தும் அரிச்சு, வளைஞ்சு போற மலை வரிசைதான் மிச்சம், தரையில நின்னு பாத்தா ஒண்ணும் புரியாது, போன்ல சாட்டிலைட் மேப் திறந்து பக்கத்துல வச்சுக்கிட்டு பாத்தாத்தான் அந்த வளைவு கண்ணுல படும்.

ஆளு எப்படி இருப்பான்

நீளம் சுமார் 34 கிலோமீட்டர், குறுக்க 11 பக்கம். டர்பன் சிட்டி சென்டர்லேர்ந்து கிங் ஷாக்கா ஏர்போர்ட் வரைக்கும் ஒரே கல்லு படுத்துக் கிடக்கற மாதிரி நினைச்சுக்கோங்க, நடுவுல முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு வளைவு. அந்த வளைவுக்கு ஹிமெரோஸ்னு பேரு, எதிர்ப்பக்கம் சைக்கின்னு 5 கிலோமீட்டருக்கு மேல அகலமா ஒரு பள்ளம். கல்லோட பேரு காதல் தெய்வத்தோடதுங்கறதால பள்ளத்துக்கெல்லாம் காதலர்கள் பேரு வச்சிருக்காங்க, லைலா மஜ்னு கூட அங்க இருக்காங்க, தமிழ் ஜோடி ஏதும் என் கண்ணுல படல, அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, நியர் ஷூமேக்கர்னு ஒரு விண்கலம். 1996 பிப்ரவரியில கிளம்பி, 1999 ஜனவரியில ஈரோஸ சுத்த ஆரம்பிச்சிருக்கணும், ஆனா போய்ச் சேர்ற நேரத்துல, 1998 டிசம்பர்ல, எஞ்சின் பாதியில நின்னு போச்சு, 3,800 கிலோமீட்டர் தள்ளி நின்னு சும்மா பாத்துட்டு கடந்து போயிடுச்சு. விடாம சூரியன ஒரு சுத்து சுத்த வச்சு, 2000 பிப்ரவரி 14 அன்னிக்கு, காதலர் தினத்தன்னிக்கே, திரும்பக் கொண்டு வந்து சேத்தாங்க. ஒரு வருஷம் சுத்தி ஒரு லட்சத்து அறுபதாயிரம் படம் எடுத்துச்சு. கடைசியில இறங்கறதுக்குக் காலே இல்லாத அந்த விண்கலத்த 2001 பிப்ரவரி 12ல மெதுவா தரையில இறக்கினாங்க, உடையல, அதுக்கப்புறமும் பிப்ரவரி 28 வரைக்கும் தகவல் அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. சிறுகோள்ல முதல் லேண்டிங் அதுதான்.

எடை போடற விதம் எனக்கு ரொம்பப் புடிக்கும். தராசு கிடையாது, அந்தக் கல்லு விண்கலத்த எவ்வளவு இழுக்குதுன்னு ரேடியோ சிக்னல்ல வர்ற சின்னச் சின்ன மாற்றத்த வச்சுக் கணக்குப் போடறாங்க. வந்த விடை சுமார் 6.7 லட்சம் கோடி டன். கன அளவால வகுத்தா ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.67 கிராம், நம்ம ஊரு கருங்கல்லு பக்கத்துல வருது. பென்னுன்னு இன்னொரு சிறுகோள் இருக்கு, அதுக்கு 1.19தான், அது ஜல்லியக் குவிச்சு வச்ச மாதிரி உள்ள பாதி வெத்திடம். ஈரோஸ் அப்படி இல்ல, விரிசல் நிறைய விட்ட ஒரே பாறைன்னு இந்த ஒரு எண்ண வச்சே சொல்லிடலாம். புதுசா ஒரு சிறுகோளப் பத்திப் படிக்கும்போது சைஸுக்கு அடுத்து அடர்த்தியப் பாருங்க, ஆளோட குணம் அதுலதான் தெரியும்.

ஈர்ப்பு? 60 கிலோ ஆளு அங்க மிஷின்ல ஏறினா 30 கிராம் பக்கம் காட்டும், இடத்துக்கு இடம் அதுக்கும் கீழ போகும், ஏன்னா நீளமா இருக்கறதால முனைக்கும் நடுவுக்கும் நிறைய வித்தியாசம். தப்பிச்சுப் போற வேகம் சராசரியா நொடிக்கு 10 மீட்டர். நம்ம வேய்ட் வான் நீகர்க் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர 43.03 நொடியில ஓடினாரே, அது நொடிக்கு 9.3 மீட்டர், அதே வேகத்துல சரியான இடம் பாத்து ஒரு எம்பு எம்பினார்னா திரும்ப இறங்கவே மாட்டார். கிங்ஸ்மீட்ல வேகப்பந்து போடற யாரும் அங்க பந்து போட்டா பால் போனது போனதுதான்.

தங்கம் கதை

ஈரோஸ்ல இத்தன லட்சம் கோடி டாலர் தங்கம்னு ஒரு ஃபார்வர்ட் சுத்தும். தங்கத்த வச்சே ஊரு உண்டான ஜோபர்க் பக்கம் இந்தக் கதைக்கு மவுசு அதிகம். உள்ளது என்னன்னா, விண்கலத்தோட எக்ஸ்ரே கருவி மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், கால்சியம், இரும்பு, கந்தகம் இதுங்களத்தான் அளந்துச்சு. கிடைச்ச கலவை பூமியில சாதாரணமா விழற கல் வகை விண்கற்களோட பொருந்துது, கந்தகம் மட்டும் கம்மி. தங்கத்த யாரும் அங்க அளக்கல, அந்த வகை விண்கல்லுல இருக்கற துளி அளவ மொத்த எடையால பெருக்கி சொல்றாங்க, அவ்வளவுதான். உண்மையிலேயே விண்கல் நமக்குத் தங்கம் விஷயத்துல உதவினது ஃப்ரெடஃபோர்ட்லதான், அதுவும் தங்கத்தக் கொண்டு வந்து இல்ல, ஏற்கனவே இங்க இருந்த விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க அடுக்குகளக் கீழ அமுக்கி சாய்ச்சு விட்டதால அது அரிச்சுப் போகாம தப்பிச்சுது.

இப்ப வானத்துல தேடலாம்

ஈரோஸ் சுமார் 2 வருஷம் 4 மாசத்துக்கு ஒரு தடவ சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வந்து நிக்கும், அதுதான் சீசன். எல்லா சீசனும் ஒண்ணு இல்ல. 2012 ஜனவரி 31ல 2 கோடியே 67 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் வந்துச்சு, அது நல்ல சீசன். 2056 ஜனவரியில 2 கோடியே 24 லட்சம், அது அதவிட நல்லது. நடுவுல வர்ற சில சீசன்ல ரொம்ப தூரத்துலயே நின்னுட்டு மங்கலா போயிடும்.

எப்ப எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க ஜேபிஎல்லோட ஹொரைசான்ஸ் பக்கம் போங்க. இலக்கு கேக்கற இடத்துல 433 போட்டு ஒரு அரைப்புள்ளியும் சேத்துப் போடுங்க, அப்பத்தான் அது சிறுகோள் நம்பர்னு புரிஞ்சுக்கும், இந்தப் பழக்கம் இல்லாம 4ன்னு மட்டும் போட்டீங்கன்னா வெஸ்டா சிறுகோளுக்குப் பதிலா செவ்வாய்க்குப் போயிடும். இடம் டர்பன்னு போடுங்க, இல்ல தெற்கு 29.9, கிழக்கு 31.0ன்னு கொடுங்க. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். வர்ற டேபிள்ல ஏபிமேக்னு (APmag) இருக்கறது பிரகாசம், எண் சின்னதா இருந்தா பிரகாசம் ஜாஸ்தி. டெல்டாங்கறது நமக்கும் அதுக்கும் தூரம், ஏயூல. பக்கத்துல டெல்டாட்னு ஒண்ணு, அதுல மைனஸ் இருந்தா கிட்ட வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ப்ளஸ் ஆனா விலகிப் போகுது. நேரம் உலக நேரத்துல இருக்கும், 2 மணி கூட்டிக்கோங்க, நமக்குத்தான் சம்மர் டைம் விண்டர் டைம்னு தொல்லை இல்லையே.

ஏபிமேக் 9 பக்கம் இருந்தா 10க்கு 50 பைனாகுலர் போதும், ஆனா ஊர் வெளிச்சம் இல்லாத இடமா இருக்கணும். 11, 12 ஆச்சுன்னா ஆறு இஞ்ச் டெலஸ்கோப். 13க்கு மேல போனா கண்ணால பாக்கறத விட்டுட்டு கேமராவ நம்புங்க, இப்ப வர்ற ஸ்மார்ட் டெலஸ்கோப் எல்லாம் அத சுலபமா புடிக்குது. புதுசா டெலஸ்கோப் வாங்கறதுக்கு முன்னாடி பைனாகுலர் வாங்குங்க, அத வச்சு ஆறு மாசம் நட்சத்திரக் கூட்டம் கண்டுபுடிக்கப் பழகுங்க, இது என் பிடிவாதமான கருத்து.

இடம்னு பாத்தா சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் மேட்டுல தெருவிளக்கு படுத்தும். லோட் ஷெட்டிங் காலத்துல வானம் பிரமாதமா இருந்துச்சு, அதுக்காக யாரும் அத திரும்பக் கேக்கப் போறதில்ல. டோங்காட் பக்கம் பீச்சுக்குப் போனா கிழக்க கடல், விளக்கே கிடையாது, ஆனா உப்புக் காத்து லென்ஸ்ல படியும், கையோட துடைக்க எடுத்துட்டுப் போங்க. டிராக்கன்ஸ்பர்க் போக முடிஞ்சா அதுக்கு ஈடு இல்ல, கூட்டமா போங்க, தனியா ராத்திரி ரோட்டோரம் நிறுத்தாதீங்க. கஷ்டம் என்னன்னா ஈரோஸ் நல்லா கிட்ட வர்றது ஜனவரி பக்கம்தான், அப்பத்தான் நமக்கு மழைக்காலம், கரையோரம் மேகம், ஜோபர்க்ல சாயங்காலம் இடி. அதனால ஒரு ராத்திரிக்குன்னு பிளான் போடாம ரெண்டு மூணு வாரத்துக்குப் போடுங்க.

ஸ்டெல்லாரியம் ஆப்ல பாதைய வரைஞ்சு பாக்கலாம், ஆனா அதுல இருக்கற சிறுகோள் டேட்டா பழசா இருக்கும், அப்டேட் பண்ணிட்டு ஹொரைசான்ஸோட ஒத்துப் பாத்துக்கோங்க. வெளிநாட்டு மேப் பிரிண்ட் எடுத்தா நமக்கு அது தலைகீழ், வடக்கப் பாத்து நின்னு பேப்பரத் திருப்பிப் புடிங்க. கண்டுபுடிச்சோமான்னு உறுதி பண்றது இப்படித்தான்: அந்த இடத்துல இருக்கற புள்ளி எல்லாத்தையும் பேப்பர்ல வரைஞ்சுக்கோங்க, இல்ல போட்டோ எடுங்க, மறுநாள் திரும்ப அதே இடம். நகர்ந்த புள்ளிதான் ஈரோஸ். கிட்ட வர்ற சமயம்னா ஒரே நாள்ல முழுநிலா அகலத்துக்கும் மேல நகர்ந்திருக்கும்.

புடிச்சாச்சு, அடுத்து என்ன: சுத்தறத அளங்க

இதுதான் என்னப் பொறுத்தவரை முக்கியமான கட்டம், நிறைய பேரு புள்ளியப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. ஈரோஸ் 5 மணி 16 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துது. நீளமா இருக்கறதால அகலப் பக்கம் நமக்குக் காட்டும்போது பளிச், முனைய காட்டும்போது மங்கல். ஒரு சுத்துல ரெண்டு தடவ பளிச், ரெண்டு தடவ மங்கல், அப்ப பளிச்சுலேர்ந்து மங்கலுக்கு சுமார் 1 மணி 19 நிமிஷம். நல்ல கோணத்துல இருந்தா வித்தியாசம் ஒன்றரை மேக்னிட்யூட் (ஏபிமேக்ல பாத்த அதே பிரகாச அளவு), அதாவது நாலு மடங்கு வெளிச்சம். கண்ணாலயே தெரியும். 1901லயே ஓப்போல்ட்சர்ங்கற வானியலாளர் இந்த ஏற்ற இறக்கத்தக் கவனிச்சுட்டார்.

பந்தம் ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்ல. 1931 ஜனவரி கடைசியில ஈரோஸ் 2 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் கிட்ட வந்தப்ப ஜொகனஸ்பர்க் யூனியன் அப்சர்வேட்டரியில, நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரமான ப்ராக்ஸிமாவ 1915ல இன்னெஸ் கண்டுபிடிச்சாரே அதே இடத்துல, வான் டென் போஸும் ஃபின்சனும் 26.5 இஞ்ச் லென்ஸ் டெலஸ்கோப்புல கண்ண வச்சுப் பாத்து, அது புள்ளியா இல்ல, நீளமா இருக்கு, சுத்துதுன்னு எழுதி வச்சாங்க. அவங்க ரெட்டை நட்சத்திரம் பாக்கறதுல பழகின கண்ணு. 34 கிலோமீட்டர் நீளக் கல்லு அவ்வளவு தூரத்துல ஒரு ஆர்க் செகண்டுல (ஒரு டிகிரிய 3,600ஆ பிரிச்சா வர்ற ஒரு பங்கு) கால் பங்கு அகலம்தான் தெரியும், அதுல வடிவத்தக் கண்டுபுடிச்சாங்கங்கறத விண்கலம் போற வரைக்கும் கிட்டத்தட்ட 68 வருஷம் யாரும் கிட்டப் போய் பாக்கல. அதே சீசன்ல உலகம் பூரா எடுத்த படங்கள கேப் டவுன் அப்சர்வேட்டரியில தலைமையா இருந்த ஸ்பென்சர் ஜோன்ஸ் சேத்து, வடக்குலேர்ந்தும் தெற்குலேர்ந்தும் பாக்கும்போது ஈரோஸ் எவ்வளவு இடம் மாறித் தெரியுதுன்னு பத்து வருஷம் கணக்குப் போட்டு, 1941ல சூரியனோட தூரத்த வெளியிட்டார். இன்னிக்கு ரேடார்ல அளந்ததோட பாத்தா வித்தியாசம் 70,000 கிலோமீட்டர்தான், 15 கோடியில.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஈரோஸுக்குப் பக்கத்துல கிட்டத்தட்ட அதே பிரகாசத்துல ரெண்டு மூணு நட்சத்திரம் தேர்ந்தெடுத்து, மேப்ல அதோட மேக்னிட்யூட் பாத்து எழுதிக்கோங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஈரோஸ் எதுக்கும் எதுக்கும் நடுவுல இருக்குன்னு மதிப்புப் போட்டு நேரத்தோட குறிங்க, சின்னப் பிள்ளைங்க கண்ணு இதுக்கு நல்லா வேலை செய்யும், ரெண்டு பேரு தனித்தனியா எழுதி அப்புறம் ஒப்பிடுங்க, முன்னாடியே பேசிக்கக் கூடாது. மூணு மணி நேரம் செஞ்சா கிராஃப் பேப்பர்ல கோணம் நல்லா இருந்தா ஒரு மேடும் ஒரு பள்ளமும் வரும். அஞ்சரை மணி நேரம் தாக்குப் புடிச்சா ரெண்டு மேடு, ரெண்டும் ஒரே உயரம் இருக்காது, ஏன்னா கல்லு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஈரோஸோட சுழல் அச்சு அது ஓடற தளத்துலயே கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கு, அதனால சில சீசன்ல அதோட துருவம் நம்மப் பாத்து நிக்கும். அந்த சமயம் ராத்திரி பூரா பாத்தாலும் வெளிச்சம் பெருசா மாறாது, கோடு தட்டையா போகும். கண்ணு தப்பு, டெலஸ்கோப் தப்புன்னு நினைச்சு பேப்பரக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, தேதியோட பத்திரமா வைங்க, அடுத்த சீசன்ல வேற கோணத்துல எடுத்த கோட்டோட சேத்து வச்சுப் பாத்தாத்தான் அச்சு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னே தெரிய வரும்.